சைபீரிய ஸ்டர்ஜன் கேவியர், 30 கிராம் டப்பா: டிக்கோயா சமையலறையிலிருந்து

டிக்கோயாப் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை விருந்தினர் விடுதியாக நடத்துகிறார்கள். அங்கே சமையலறை என் பொறுப்பு. டிசம்பர் சீசனுக்கு கேவியர், அதாவது ஸ்டர்ஜன் மீனின் உப்புப் போட்ட முட்டை, வைக்கலாமா என்று மனேஜர் ஐயா கேட்டார். கொழும்பிலிருந்து ஒரு சப்ளையர் அனுப்பிய டப்பாவைத் திறந்து, ருசி பார்த்து, மெனுவிலும் போட்டாயிற்று. மலையகத்தில் ஹோட்டல் வேலை செய்யும் தம்பிமாருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

சரக்கு நல்ல சரக்கு. கினிகத்தேனை வழியாக ஐஸ் பெட்டியில் வந்தது, பெட்டிக்குள் ஐஸ் இன்னும் கரையாமல் இருந்தது. மூடியைத் திறந்ததும் மீன் வாடை குப்பென்று அடிக்கவில்லை. முட்டைகள் கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, கறுப்போடு சாம்பல் கலந்த நிறம். ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகாமல் தனித்தனியாக நின்றன, டப்பா அடியில் எண்ணெயும் தேங்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் உடைகிறது. முதலில் லேசான உப்பு, அப்புறம் வெண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு. வெள்ளிக் கரண்டி ருசியைக் கெடுக்கும், மரக்கரண்டி போதும். கோதுமை மாவில் உள்ளங்கை அளவு பான்கேக் சுட்டு, எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்து மேலே வைத்தேன், நன்றாகப் பொருந்தியது. தேசிக்காய் பிழிய வேண்டாம், வெங்காயமும் வேண்டாம். ஃப்ரீசரில் போட்டால் முட்டை உடைந்து பாழாகும். திறந்த டப்பாவை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

விலைதான் நெஞ்சை அடைக்கிறது. தோட்டத்தில் பத்து நாள் முழுப்பேர் (முழு நாள் வேலைக்கணக்கு) விழுந்தால் கிடைக்கும் சம்பளத்துக்குக் கிட்ட வருகிறது. “அண்ணே, மீன் முட்டைக்கு ஏன் இவ்வளவு காசு?” என்று எனக்கு உதவிக்கு நிற்கும் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

வளைகுடா ஹோட்டலில் இருந்தபோது முழு ஸ்டர்ஜன் மீன் ஒன்று சமையலறைக்கு வந்தது. உடம்பில் சாதாரணச் செதில் கிடையாது, முதுகிலும் பக்கங்களிலும் வயிற்றிலுமாக ஐந்து வரிசை எலும்புத் தகடுகள். கத்தி வைத்தால் வழுக்கும். நீண்ட மூக்குக்குக் கீழே நாலு மீசை, அதற்கும் பின்னால் பல்லில்லாத வாய். ஆற்றடியைத் தடவி இரையை உறிஞ்சித் தின்னும் மீன் அது. அதன் வம்சம் இந்த உலகில் 20 கோடி வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் பெரியது பெலூகா. காஸ்பியன் கடலிலும் கருங்கடலிலும் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்த்து ஏறும். நூறு வயது தாண்டியும் வாழக்கூடியது, ஒரு டன்னுக்கு மேல் நிறுத்த மீன்களும் முன்பு பிடிபட்டிருக்கின்றன. ஆனால் பெண் மீன் முதல் முட்டை போடவே 16 வயதுக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகும் வருடா வருடம் போடாது. முட்டைக்காக அதைக் கொன்றால் அத்தனை வருட வளர்ச்சியும் ஒரே நாளில் போய்விடுகிறது. முட்டையிடப் போகும் வழியிலேயே வலை விரித்ததால்தான் இந்த மீன் இவ்வளவு சீக்கிரம் அருகிப் போனது.

வலை மட்டும் காரணமில்லை. வொல்கா நதியில் வொல்கோகிராட் அணை வந்த பிறகு பெலூகாவின் முட்டையிடும் இடங்களில் பெரும்பகுதி அணைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. டானூப் நதியில் 1972இலும் 1984இலும் இரும்புக் கதவு அணைகள் இரண்டு வந்தன. முன்பு ஹங்கேரி தாண்டிப் போன மீன் இப்போது அங்கேயே முட்டி நிற்கிறது. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு சென் கிளேயர் அருவி மெலிந்து போனதைத் தலவாக்கலை றோட்டில் நின்று பார்த்த நமக்கு இது புரியும். கரண்ட் நமக்கும் வேண்டும்தான். ஆனால் மீன் ஏற ஒரு வழியாவது விட்டிருக்க வேண்டும்.

2022இல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கெடுத்தபோது ஸ்டர்ஜனும் அதன் உறவான துடுப்புமூக்கு மீனும் சேர்த்து எஞ்சியிருந்த 26 இனமும் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தார்கள். சீனத் துடுப்புமூக்கு மீன் அற்றே போய்விட்டது. அதனால்தான் பண்ணைச் சரக்கை மட்டும் வாங்குங்கள் என்கிறேன். சைபீரிய ஸ்டர்ஜன் பண்ணையில் ஏழெட்டு வருடத்தில் முட்டைக்கு வந்துவிடும். ஆற்று மீனில் கை வைக்கத் தேவையில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? டப்பாவில் சைட்டிஸ் லேபல் இருக்க வேண்டும். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்தான் சைட்டிஸ். மூடியைத் திறந்தால் கிழிகிற மாதிரி ஒட்டியிருப்பார்கள். எழுத்துகளும் எண்களும் சாய்கோடு போட்டு வரிசையாக இருக்கும். என் டப்பாவில் முதலில் பி.ஏ.ஈ., அது சைபீரிய ஸ்டர்ஜன். அடுத்து சி, பண்ணையில் பிறந்து வளர்ந்தது. அந்த இடத்தில் டபிள்யூ இருந்தால் ஆற்றிலோ கடலிலோ பிடித்தது, தொடவேண்டாம். பிறகு நாடு, வருடம், பதப்படுத்திய ஆலையின் பதிவு எண், தொகுதி எண். முதல் எழுத்துகள் எச்.யூ.எஸ். என்றால் பெலூகா. அது பண்ணையில் வளர்ந்ததாகவும் இருக்கலாம், ஆகவே இரண்டாவது எழுத்தையும் பாருங்கள்.

வேறொரு சப்ளையர் எனக்கு “அசல் பெலூகா, மலிவு” என்று கண்ணாடிக் குப்பியில் கொடுத்தார். லேபல் இல்லை. கேட்டதற்கு “வழியில் உரிந்துவிட்டது சேர்” என்றார். திருப்பி அனுப்பிவிட்டேன். ருமேனியா, பல்கேரியா, செர்பியா, உக்ரேன் நாடுகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வில், கடைச் சரக்கில் பாதி சட்டவிரோதமாகவோ ஏமாற்றாகவோ இருந்தது. சிலதில் ஸ்டர்ஜனே இல்லை. ஸ்டர்ஜன் வாழும் நாடுகளிலேயே இப்படி என்றால் இங்கே வந்து சேர்வதைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

விருந்தினர் யாராவது சொந்த டப்பா கொண்டுவந்து பரிமாறச் சொன்னால் அதிலும் லேபலைப் பாருங்கள். தன் பாவனைக்கு ஆளுக்கு 125 கிராம் வரை அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுபோக சைட்டிஸ் விதி இடம் கொடுக்கிறது.

சைபீரிய டப்பாவுக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். ஒரு புள்ளி குறைத்தது விலைக்கு. எங்கள் விடுதியில் ஓடர் வந்தால் டப்பாவை மேசைக்குக் கொண்டுபோய், லேபலைக் காட்டி, விருந்தினர் முன்னாலேயே கிழிக்கிறோம்.