அந்தச் சிவப்பு நம்பர்: டூ-டூ ஆப்பும் துண்டுச் சீட்டும், இரண்டு வருடம் கழித்து

"வருடச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டதற்குப் பதில் இது. ஆப்பின் பெயர் வேண்டாம். செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் இந்த டூ-டூ ஆப்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான்: பட்டியல் போடலாம், தேதி வைக்கலாம், மணியடிக்கும், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகத் தெரியும். இதெல்லாம் தெரிந்த கதை. இரண்டு வருடம் தினமும் புழங்கினால் மட்டும் தெரிகிறவற்றைச் சொல்கிறேன். அதில் பாதி ஒரே ஒரு எரிச்சலைப் பற்றியது.

ஆப் ஐகானின் மூலையில் சிவப்பாக ஒரு நம்பர் நிற்கும். தேதி தாண்டிய வேலைகளின் எண்ணிக்கையும் அதில் சேர்த்தி. இன்று முடியாத வேலையை நள்ளிரவு தாண்டியதும் ஆப் தானாகவே நாளைய பட்டியலின் தலையில் ஏற்றிவிடுகிறது. வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதல் வாரம் இது வசதி மாதிரித்தான் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு வேலை எழுதி ஐந்து முடித்தால், மிச்சம் மூன்று. பத்தே நாளில் முப்பது. முப்பது சேர்ந்த பட்டியலை யாரும் படிப்பதில்லை, கட்டை விரலால் தள்ளிவிட்டுக் கீழே போகிறோம். வண்டி இன்சூரன்ஸ் கடைசித் தேதியும் அந்தக் குப்பையோடு குப்பையாக மேலே போய்விடுகிறது. பட்டியல் போட்டும் தேதியைத் தவறவிடுவது இப்படித்தான்.

இதே வேலையைத் துண்டுச் சீட்டில் செய்தால் நடப்பது வேறு. ஒருபக்கம் அச்சான ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் 105×148 மில்லிமீட்டர் சீட்டு வரும். ஒரு மடி மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். நேற்றைய மிச்சத்தை இன்றைய சீட்டுக்குக் கையால் எழுதித்தான் கொண்டுவர வேண்டும். முதல் தடவை சும்மா எழுதிவிடுவோம். இரண்டாம் தடவை முகம் சுளிக்கும். மூன்றாவது தடவை கையே கேட்கும்: இதை நிஜமாகவே செய்யப்போகிறாயா? ஆப் நம்மிடமிருந்து எடுத்துவிட்ட சிரமம் இதுதான், ஆனால் களையெடுப்பதே இந்தச் சிரமம்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் வரிக்கு முன்னால் ஓர் அம்புக்குறி போடுங்கள். அடுத்த சீட்டுக்கு அம்புகளையும் சேர்த்தே எழுதுங்கள். மூன்று அம்பு விழுந்த வரியை அப்படியே நான்காம் முறை எழுதக் கூடாது. அடிக்க வேண்டும், அல்லது மாற்றி எழுத வேண்டும்.

மாற்றி எழுதுவது என்றால் என்ன? பல பட்டியல்களில் மாதக்கணக்கில் குடியிருக்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "பாத்ரூம் குழாய்." இது வேலையின் பெயர், வேலை அல்ல. திருகு குழாய் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே சுழலும் தண்டான ஸ்பிண்டில் அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். அதை மாற்றத் தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்த மாடித் தொட்டியின் கேட் வால்வை மூட வேண்டும். அது வருடக்கணக்கில் யாரும் தொடாததால் இறுகிப் போயிருக்கும். முழு பலத்தோடு திருகினால் தண்டு முறியும், அப்புறம் வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை. இந்தப் பயம்தான் அந்த வரியை மூன்று மாதமாக டிக் அடிக்க விடாமல் வைத்திருப்பது. சோம்பல் என்று நாமாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம். சரியான வரி இப்படி இருக்கும்: "சனி காலை 8, மாடி: கேட் வால்வு அசைகிறதா பார்." இரண்டு நிமிஷ வேலை. அசைந்தால் அடுத்த வரி, "மூடி, ஸ்பிண்டிலைக் கழற்றி, அதையே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போ." அசையாவிட்டால், "கேட் வால்வு மாற்ற எவ்வளவு ஆகும் என்று ப்ளம்பருக்கு போன் போட்டுக் கேள்." வரியின் கடைசியில் பார், கேள், எழுது, அனுப்பு என்று ஏதாவது ஒரு வினை இல்லையென்றால் அது டிக் ஆகாது. "ஆகணும்", "பார்த்துக்கணும்" எல்லாம் வினையில் சேர்த்தி இல்லை.

எப்போது, எங்கே என்று எழுதிவிட்டால் மண்டைக்குள் அரிப்பும் குறைகிறது. மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: முடியாத வேலை மனதில் குறுக்கே வந்துகொண்டிருப்பதை நிறுத்த, வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை, தெளிவாகத் திட்டமிட்டாலே போதும்.

ஒரு சீட்டில் எத்தனை வரி? ஆறு. 1918 வாக்கில் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனித் தலைவர் சார்ல்ஸ் ஷ்வாபுக்கு ஐவி லீ என்ற ஆலோசகர் சொன்ன வழி என்று ஒரு கதை உலவுகிறது: முந்தின நாள் மாலையே ஆறு வேலை, முக்கியத்துவப்படி எழுது, முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடாதே. இதற்கு ஷ்வாப் 25,000 டாலர் கொடுத்தாராம். கதை எவ்வளவு நிஜமோ, ஆறு என்ற கணக்கு வேலைக்கு ஆகிறது. காலையில் எழுதுவதைவிட முந்தின மாலை எழுதுவது நல்லது. எது எங்கே நின்றது என்று அப்போதுதான் நினைவில் இருக்கும்.

சரி, ஆப்பை இவ்வளவு திட்டியாயிற்று, நியாயத்தையும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வேலைக்குச் சீட்டு லாயக்கே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை எந்தச் சீட்டில் எழுதுவது? இங்கே ஆப் ராஜா. ஆனால் ரிப்பீட்டில் இரண்டு வகை உண்டு, பலர் பார்க்காமல் விடும் இடம் இது. ஒன்று தேதிப்படி, இன்னொன்று முடித்த நாளிலிருந்து. ஆர்ஓ ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தேதிப்படி வைத்து, ஜனவரி 1-ல் மாற்ற வேண்டியதை 28-ல் மாற்றினால், ஏப்ரல் 1-லேயே மறுபடி மணியடிக்கும். இரண்டு மாதமே ஓடிய ஃபில்டர் குப்பைக்குப் போகும். இதற்கு "முடித்த நாளிலிருந்து" தான் சரி. கரண்ட் பில்லுக்கு அதையே வைத்தால் வினை. 10-ம் தேதி நினைவூட்டலுக்கு 13-ல் கட்டினால் அடுத்தது 13-ல் வரும், அப்போதும் இரண்டு நாள் தள்ளினால் 15. கெடு 14 என்றால் அபராதம்தான்.

மணியடிக்கவில்லை என்ற புகாரில் பாதி ஆப்பின் குற்றமும் இல்லை. ஆண்ட்ராய்டு 12-லிருந்து குறித்த நேரத்துக்கு மணியடிக்கத் தனி அனுமதி, 13-லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கும் தனி அனுமதி. செட்டிங்ஸில் ஆப்பைத் திறந்து, பேட்டரியை "அன்ரெஸ்ட்ரிக்டட்" ஆக்கி, "அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்" அனுமதியையும் கொடுத்துவிட்டுப் பிறகு திட்டுங்கள். காலை 9 மணி என்று ஆப்பே வைத்திருக்கும் நேரத்தையும் மாற்றுங்கள். 9 மணிக்கு நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்போம். மருந்து வாங்க வேண்டுமென்றால் மாலை 6.30, கடை வழியில் வரும்போது.

மாதம் ஒருமுறை பட்டியலை ஃபைலாக எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற டூ-டூ ஆப்பை 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ல் மூடியது. அவர்களாவது முன்கூட்டிச் சொல்லி, பட்டியலை இன்னொரு ஆப்புக்கு மாற்ற வழியும் வைத்தார்கள். எல்லோரும் வைப்பார்களா?

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆப்புக்குத்தான் மார்க் அதிகம். தேடினால் கிடைக்கிறது, மழையில் நனைவதில்லை, வீட்டில் இருப்பவரோடு மளிகைப் பட்டியலைப் பகிரலாம், ரிப்பீட்டுக்கு மாற்றே கிடையாது. சீட்டு தொலையும், வாஷிங் மெஷினில் கூழாகும், வண்டி ஓட்டும்போது நாம் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் செய்யாது.

ஆனாலும் சந்தா எடுக்காதீர்கள். பாதி விலை இல்லை, கால் விலைக்கு வந்தாலும். தேதியும் ரிப்பீட்டும் இலவசப் பதிப்பிலேயே இருக்கின்றன. பில், ஃபில்டர், இன்சூரன்ஸ் மூன்றையும் அதில் போட்டுவிட்டு ஐகான் நம்பரை அணைத்துவிடுங்கள். இதை எழுத உட்கார்ந்தபோது அந்தச் சிவப்பு நம்பர் 43. இப்போது 44. "விமர்சனம் எழுது" என்று நேற்று வைத்த வரிதான் அது.