உலகில் செஸ் ஆடுபவர்கள் எத்தனை பேர்: எந்தக் கணக்கை நம்பலாம்?

ஜூலை 20, உலகச் செஸ் தினம் வந்தால் ஓர் எண்ணும் கூடவே வந்துவிடும்: உலகில் 60.5 கோடிப் பேர் செஸ் ஆடுகிறார்கள். பயிற்சி மைய விளம்பரத்திலிருந்து பரிசளிப்பு விழா மேடை வரை இதைக் கேட்கலாம். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரவரிசைப் பட்டியலைத் திறந்தால் அங்கே இருப்பது சில லட்சம் பேர்தான். செஸ்.காம் தளமோ தன் உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டுவிட்டதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்தது. ஒரே ஆட்டத்துக்கு மூன்று எண்கள். பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களிடம் நேராகக் கேட்டு எண்ணுவதுதான் சரியான வழி. ஆனால் அந்த வழியில் வந்ததாகச் சொல்லப்படும் 60.5 கோடிதான் மூன்றிலும் மோசமான எண்.

2012இல் யூகவ் நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு கணிப்பு நடத்தியது. வாரம்தோறுமோ மாதம்தோறுமோ, குறைந்தது கடந்த ஓராண்டுக்குள்ளோ செஸ் ஆடிய பெரியவர்கள் பிரிட்டனில் 12%, அமெரிக்காவில் 15%, ஜெர்மனியில் 23%, ரஷ்யாவில் 43%, இந்தியாவில் 70% என்று வந்தது. இவற்றோடு சேர்ந்து வெளியான உலக மொத்தம்தான் 60.5 கோடி.

கொஞ்சம் பெருக்கிப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 18 வயது நிரம்பியவர்கள் சுமார் 76 கோடி. அதில் 70% என்றால் 53 கோடி. ரஷ்யாவில் ஏறக்குறைய 5 கோடி, அமெரிக்காவில் மூன்றரைக் கோடி, ஜெர்மனியில் ஒன்றரைக் கோடி, பிரிட்டனில் 60 லட்சம். இந்த ஐந்து நாடுகளைக் கூட்டினாலே 63 கோடியைத் தாண்டிவிடுகிறது. சீனா, பிரேசில், கியூபா, இந்தோனேசியா எதையும் இன்னும் தொடவே இல்லை. ஆக, ஒரே இடத்திலிருந்து வந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஒன்று அந்த 70% இந்தியா முழுமைக்கும் பொருந்தாது, இல்லையென்றால் 60.5 கோடி உலக மொத்தம் அல்ல.

எனக்கு முதலாவதில்தான் சந்தேகம். யூகவ் இணையவழியில் கணிப்பு நடத்தும் நிறுவனம். 2012இல் இந்தியாவில் இணையம் பயன்படுத்தியவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கணினி முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் எழுதக்கூடிய நகரத்துப் படித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆடியிருக்கலாம், அதை நம்ப முடிகிறது. அவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தியாவின் பங்கு 7, 8 கோடிக்குள் அடங்கிவிடும். நாடு முழுவதற்கும் நீட்டினால் 53 கோடி. யாரும் போய்க் கேட்காத மீதி ஒன்பது பங்கு மக்கள் ஆடுகிறார்களா இல்லையா என்பதில்தான் உலகக் கணக்கே தொங்குகிறது.

அவர்கள் ஆடவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை. சிப்பாயை முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் தள்ளுவது, ராஜா ஒருமுறை மட்டும் குதிரைபோலத் தாவலாம் என்பது போன்ற பழைய நாட்டு விதிகளோடு ஆடுகிறவர்கள் இங்கே உண்டு. அவர்களும் செஸ் ஆடுபவர்கள்தான். எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. அதே மாதிரி, அந்தக் கணிப்பு பெரியவர்களை மட்டும் எண்ணியது. தமிழ்நாட்டில் 7 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கென அரசே செஸ் திட்டம் கொண்டு வந்தது. ஆர்மீனியா 2011இல் தொடக்கப் பள்ளியில் செஸ்ஸைக் கட்டாயப் பாடமாக்கியது. எந்தப் போட்டி அரங்குக்குள் நுழைந்தாலும் பாதிக்கு மேல் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு எடுத்த எண்ணை ‘மொத்த ஆட்டக்காரர்கள்’ என்று எப்படிச் சொல்வது?

சரி, தரவரிசைப் பட்டியலுக்கு வருவோம். இதில் பொய் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் ஆள், ஒரு போட்டி, நடுவர் கையெழுத்திட்ட முடிவு இருக்கிறது. ஆனால் இது ஆட்டக்காரர்களின் பட்டியல் அல்ல, வாசலைத் தாண்டியவர்களின் பட்டியல். அந்த வாசலின் உயரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1971இல் முதல் பட்டியல் வந்தபோது சில நூறு பேர்தான். போட்டி முடிவுகளை வைத்து ஒருவரின் ஆட்டத் திறனுக்குத் தரும் புள்ளி 2200க்குக் கீழே இருந்தால், நெடுங்காலம் ஆண்களுக்கு அதில் இடமில்லை. பிறகு வரம்பு படிப்படியாக இறங்கி 1000 வரை வந்தது. 2024 மார்ச்சில் அதை மறுபடியும் 1400க்கு ஏற்றினார்கள். வரம்பு இறங்கும்போதெல்லாம் பட்டியல் நீள்கிறது. அதைக் காட்டி ‘செஸ் பத்து மடங்கு வளர்ந்துவிட்டது’ என்பவர் விதியின் வளர்ச்சியைத்தான் சொல்கிறார்.

ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் நான்கு நாள் வகுப்பு, சனி ஞாயிறு போட்டி, நுழைவுக் கட்டணம், பஸ், தங்குமிடம், அம்மா கையில் சாப்பாட்டுக் கூடை. தரவரிசை உள்ள ஐந்து பேரோடாவது ஆடி, 1400 மட்டத்துக்கு ஆட்டத்தைக் காட்டும் வரை அவன் பட்டியலில் கிடையாது. இவ்வளவு ஆடும் அவனே எண்ணிக்கையில் வராதபோது, வேலை முடிந்து மாமாவோடு வீட்டில் ஒரு ஆட்டம் போடுகிறவர் எங்கே வரப்போகிறார்?

இடைவெளி எவ்வளவு பெரியது என்று பார்க்க ஜெர்மனி நல்ல இடம். சங்கம் வைத்து ஆடும் பழக்கம் ஊறிப்போன நாடு அது. அங்கேயே தேசியச் செஸ் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் ஏறக்குறைய 90,000. கணிப்பின்படி ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆடுபவர்கள் ஒன்றரைக் கோடி. ஒரு சங்க உறுப்பினருக்கு வெளியே நூற்றறுபது பேர். சங்கப் பழக்கம் குறைவான நாடுகளில் இந்த விகிதம் இன்னும் எங்கேயோ போகும்.

இணையக் கணக்குகள் இரண்டு பக்கமும் தவறும். செஸ்.காம் 2007இலிருந்து இயங்குகிறது. ஒருமுறை பதிந்து இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டுப் போனவரும் உறுப்பினர்தான், மூன்று பெயரில் மூன்று கணக்கு வைத்திருப்பவர் மூன்று உறுப்பினர். அப்புறம், ஒரே போனில் ஒரே கணக்கில் அண்ணனும் தங்கையும் மாறிமாறி ஆடுவதும் நடக்கிறது. லிசெஸ் என்ற இலவசச் செஸ் தளத்தில் கணக்கே இல்லாமலும் ஆடலாம். ஆனாலும் எனக்கு லிசெஸ்ஸின் மேல் ஒரு மரியாதை உண்டு. உறுப்பினர் எண்ணிக்கையைப் பறைசாற்றாமல், ஆடப்பட்ட ஆட்டங்களையே மாதாமாதம் பொதுவில் கொட்டிவிடுகிறது. 2023, 2024 வாக்கில் தரவரிசைக்குரிய ஆட்டங்கள் மட்டும் மாதம் 9 கோடிக்கு மேல். இந்த வாரம் உண்மையில் ஆடியவர்கள் எத்தனை பேர் என்று அங்கே பார்க்க முடிகிறது, அது பல லட்சத்தில் நிற்கிறது. சிறிய எண்தான், ஆனால் ஆடியவர்களின் எண்.

கருத்துக்கணிப்பை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு, கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் கிழக்காசியப் பலகை ஆட்டமான கோவைப் பார்க்கலாம். சர்வதேசக் கோ கூட்டமைப்பு 2016 வாக்கில் எடுத்த கணக்கு இரண்டு எண்களைத் தருகிறது: விதி தெரிந்தவர்கள் 4.6 கோடி, இப்போதும் ஆடுகிறவர்கள் 2 கோடி. தெரிந்தவரையும் ஆடுபவரையும் பிரித்ததே பாதி வேலை. செஸ்ஸுக்குப் பெரும்பாலும் இப்படிப் பிரித்துச் சொல்வதில்லை.

ஜப்பானில் ஓய்வுநேர வெள்ளை அறிக்கை என்று ஆண்டுதோறும் ஒன்று வருகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்கள், கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது ஆடியவர்கள் என்பது அதன் அளவுகோல். அதன்படி 1980களின் தொடக்கத்தில் ஒரு கோடியை ஒட்டி இருந்த கோ ஆட்டக்காரர்கள் 2010களின் கடைசியில் 20 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டார்கள். ஒரே கேள்வியை வருஷா வருஷம் கேட்டதால்தான் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2009இல் வீடு வீடாகப் போய்க் கேட்பதை விட்டு இணையவழிக்கு மாறியபோது, கோ ஆடுபவர்களின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் தாவியது. ஜப்பானியர் ஒரே ராத்திரியில் கோ பைத்தியம் ஆகிவிடவில்லை. கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். இந்தியாவின் 70% என்னவாக இருக்கும் என்று ஊகிக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் போட்டி நடத்துகிறவருக்கு நான் தரவரிசைப் பட்டியலைத்தான் சொல்வேன். அவருக்கு நாற்காலியும் கடிகாரமும் எத்தனை வேண்டும் என்று தெரிந்தால் போதும். செயலி செய்கிறவருக்கு அந்த வாரம் ஆடியவர்களின் எண்ணிக்கை போதும். பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குகிற அரசுக்கு இரண்டும் உதவாது. அதற்கு வீடுதோறும் கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்கும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 6 வயது முதல் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு நாளை எப்படிச் செலவழித்தார்கள் என்று அரை மணி நேரக் கணக்கில் எழுதிக்கொண்டு போனார்கள். அதில் செஸ், கேரம், சீட்டு எல்லாம் பொழுதுபோக்கு என்ற ஒரே தலைப்புக்குள் போய்விடுகிறது. அடுத்த முறை வரும்போது ‘கடந்த 12 மாதத்தில் செஸ் ஆடினீர்களா, கடைசியாக எப்போது?’ என்ற ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்தால், உலகக் கணக்கின் மிகப்பெரிய ஓட்டையை நம் ஊரிலிருந்தே அடைத்துவிடலாம்.