ஒரு லட்சம் படங்களை அடுக்க: டிஜிகேமா, லைட்ரூமா, இம்மிச்சா?

படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளைத் தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது வேகமும் முகம் கண்டறியும் திறனும்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போடும் குறிச்சொல், நட்சத்திரம், முகப் பெயர் எல்லாம் எங்கே எழுதப்படுகின்றன? படத்தோடா, மென்பொருளின் தரவுத்தளத்திலா? 2016-ல் கூகுள் பிக்காசா என்ற தன் பட மென்பொருளைக் கைவிட்டது நினைவிருக்கும். எந்த மென்பொருளுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ரா (கேமரா பதிந்த மூலக் கோப்பு) ஐந்து, ஜேபெக் ஐந்து என்று பத்துப் படங்களைத் தனி ஃபோல்டரில் நகலெடுங்கள். குறிச்சொல், நட்சத்திரம், முகப் பெயர், ஆல்பம், தேதித் திருத்தம் என எல்லாவற்றையும் போடுங்கள். அந்த ஃபோல்டரை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோய் கோப்பில் எழுதியிருக்கும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூலில் திறந்தால், எது கூட வந்தது, எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

அடோபியின் சந்தா மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் இந்தச் சோதனையில் அப்படியே விட்டால் தோற்கும். எல்லாமே கேட்டலாக் என்ற அதன் தரவுத்தளக் கோப்புக்குள்தான் போகும். கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதிக்குப் போய், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பி-யில் (இந்த விவரங்களை எழுதும் பொது வடிவம்) எழுதும் தேர்வை 'டிக்' செய்தால் நிலைமை மாறும். ரா படத்துக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும். ஜேபெக், டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) என்றால் படத்துக்குள்ளேயே எழுதும். பழைய படங்களுக்கு, அனைத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் போதும். அப்போதும் ஆல்பம் போன்ற கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்தின் மாற்று எடிட் பதிவுகள்) வெளியே வராது. முக்கியமான கலெக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல்லும் போட்டுவைப்பதே வழி. மூடும்போது அது கேட்கும் பேக்கப்பில் கேட்டலாக் மட்டுமே சேரும், படங்கள் சேரா. இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். சந்தா நின்றால் டெவலப் (எடிட் செய்யும் இடம்), மேப் பகுதிகள் பூட்டிக்கொள்ளும், லைப்ரரி திறக்கும். திருமண ஸ்டுடியோ போல ரா எடிட்டிங் தினசரி வேலையாக இருப்பவர்களுக்கு இதற்கு ஈடு சொல்வது கடினம். வீட்டுப் படங்களுக்கு மட்டும் மாதாமாதம் காசு கட்டுவது வீண்.

டிஜிகேம் இலவசம், திறந்த மூலம். நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று, எக்ஸ்எம்பி கோப்பின் பெயர். எக்ஸ்எம்பி கோப்பு எழுதும் தேர்வை இயக்கியிருந்தால், படம் 1234.ஜேபிஜி என்றால் டிஜிகேம் 1234.ஜேபிஜி.எக்ஸ்எம்பி என்று எழுதும். லைட்ரூமோ ரா படத்துக்கு 1234.எக்ஸ்எம்பி என்று மட்டும்தான் எழுதும். இரண்டையும் பயன்படுத்துகிறவர், வணிக மென்பொருள்களோடு ஒத்துப்போகும் பெயரிடலை மெட்டாடேட்டா அமைப்பில் இயக்காவிட்டால், ஒன்று எழுதியதை மற்றது பார்க்கவே பார்க்காது. இரண்டு, தரவுத்தளம். இயல்பாக வரும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கணினியின் உள் எஸ்எஸ்டி-யில் வையுங்கள், நெட்வொர்க் டிரைவில் வேண்டாம். படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் மரியாடிபி என்ற தரவுத்தளத்துக்கு மாறுவது நல்லது. ரா கோப்புக்குள்ளேயே எழுதும் தேர்வைத் தொடாதீர்கள். பெரிய தொகுப்பில் முகம் தேடும் வேலையை இரவில் ஓட விடுங்கள்.

தமிழில் குறிச்சொல் போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. படத்துக்குள் விவரம் எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'திருவண்ணாமலை கார்த்திகை தீபம்' 83 பைட், வால் அறுந்துபோகும். எக்ஸ்எம்பி-யில் இந்த வரம்பு இல்லை. எதற்கும் 'திருவண்ணாமலை', 'கார்த்திகை தீபம்' என்று தனித்தனியாகவே போடுங்கள், தேடவும் அதுவே வசதி.

இம்மிச் வேறு ரகம். வீட்டில் ஒரு சர்வரில் டாக்கர் (நிரலைத் தனிப் பொதியாக ஓட்டும் கருவி) வழியே ஓடும். 6 ஜிபி ராம் குறைந்தபட்சம், 8 இருந்தால் நிம்மதி. போனிலிருந்து தானாகப் படம் ஏற்றுவதிலும், குடும்பத்தில் எல்லோரும் திறந்து பார்ப்பதிலும் மற்ற இரண்டும் இதன் கிட்டே வர முடியாது. ஆனால் ஆல்பங்கள் அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்தான் இருக்கும். படக் கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்தால் அவை போய்விடும், தரவுத்தளத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

கூகுள் போட்டோஸ் தேடலில் கெட்டிக்காரன். இலவச இடம் 15 ஜிபி. டேக்அவுட்டில் (கூகுளின் தரவிறக்க வசதி) இறக்கும்போது, நீங்கள் அங்கே எழுதிய விவரமும் திருத்திய தேதியும் தனி ஜேசன் உரைக் கோப்புகளாக வரும், படத்துக்குள் இருக்காது. அவற்றைத் திரும்ப ஒட்டுவது தனி வேலை. பார்க்க வைத்துக்கொள்ளலாம், மூலப் பிரதியை அங்கே மட்டும் வைக்க வேண்டாம்.

வீட்டுத் தொகுப்புக்கு நான் சொல்வது இரண்டையும் சேர்த்து வைப்பது: குறிச்சொல்லும் முகப் பெயரும் டிஜிகேமில், பார்ப்பது இம்மிச்சில். அதே ஃபோல்டரை இம்மிச்சில் எக்ஸ்டர்னல் லைப்ரரியாக (இருக்கும் இடத்திலேயே படிக்கும் தொகுப்பாக) சேர்த்து, டாக்கர் அமைப்பில் அந்த ஃபோல்டரின் பாதை எழுதிய வரியின் முடிவில் ':ஆர்ஓ' என்பதை ஆங்கில எழுத்துகளில் போட்டால் அது படிக்க மட்டுமே முடியும். குடும்பத்தில் யாரும் தவறி அழிக்க முடியாது. இம்மிச்சால் எக்ஸ்எம்பி எழுதவும் முடியாமல் போகும், அதனால் திருத்தங்களை டிஜிகேமிலேயே செய்யுங்கள். முகப் பெயர்கள் இம்மிச்சில் தெரிய, அதன் நிர்வாக அமைப்பில் மெட்டாடேட்டாவிலிருந்து முகங்களை எடுக்கும் தேர்வை இயக்க வேண்டும். குறிச்சொற்களுக்கு ஒவ்வொரு பயனரும் தன் கணக்கு அமைப்பில் டேக் வசதியை இயக்க வேண்டும்.