உள்ளங்கை வியர்வை: அயான்டோபோரெசிஸா, போடாக்ஸ் ஊசியா?

எழுதும் தாள் நனைகிறது, பேனா வழுக்குகிறது, கைகுலுக்கவே கூச்சம். அலுமினியம் குளோரைடு லோஷன் பூசியும் அடங்காதவர்கள் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவே குழம்புகிறார்கள்.

செய்முறை
அயான்டோபோரெசிஸ்: தண்ணீர்த் தட்டில் கைகளை வைத்து லேசான மின்னோட்டம் செலுத்துவார்கள். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம். கை சுருசுருவென்று இருக்கும், அவ்வளவுதான்.
போடாக்ஸ்: வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளைத் தடுக்கும் ஊசி. உள்ளங்கை முழுக்கப் பல இடங்களில் குத்த வேண்டும். நன்றாகவே வலிக்கும், மரத்துப்போக மருந்து தரச் சொல்லி முன்பே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பலன்
அயான்டோபோரெசிஸ்: தொடக்கத்தில் வாரம் 3 தடவை. கை காய்ந்த பிறகும் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும், நிறுத்தினால் வியர்வை திரும்பும்.
போடாக்ஸ்: சில நாட்களில் தெரியும், சில மாதங்கள் நிற்கும். அப்புறம் மறுபடி ஊசி.

செலவு
வீட்டிலேயே செய்துகொள்ள அயான்டோபோரெசிஸ் கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். ஊசிக்கு ஒவ்வொரு முறையும் பணம்.

கவனம்
பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மின்னோட்டம் வேண்டாம். ஊசிக்குப் பிறகு கொஞ்ச காலம் விரல்பிடி தளரலாம். தையல் வேலை செய்பவர்கள், வீணை வாசிப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் கருத்தில், வீட்டில் நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், குறிப்பாக மாணவர்கள், கருவியில் தொடங்கலாம். ஓயாமல் பயணம் செய்பவர்களுக்கு ஊசி வசதி. ஆனால் வியர்வை திடீரென்று உடல் முழுக்கத் தொடங்கியிருந்தால், தூக்கத்திலும் நனைந்தால், முதலில் தைராய்டு போன்ற காரணங்களைப் பரிசோதியுங்கள்.