உடைத்தது யார்? ஆங்கிலத்தில் ஆக்டிவா, பாஸிவா

ஆங்கில வாக்கியத்தை ஆக்டிவிலிருந்து பாஸிவுக்கு மாற்றுவதைப் பள்ளியில் கணக்குப் பாடம் மாதிரிதான் நடத்தினார்கள். முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளு, பின்னால் இருப்பதை முன்னால் இழு, நடுவில் ஒரு ‘பை’ போடு, மதிப்பெண் வாங்கு. எந்த இடத்தில் எதை எழுதுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

‘தி கேட் ப்ரோக் தி கிளாஸ்’ என்பது செய்வினை, அதாவது ஆக்டிவ். ‘தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன் பை தி கேட்’ என்பது செயப்பாட்டுவினை, அதாவது பாஸிவ். நடந்த சம்பவம் ஒன்றுதான். பூனை செய்த அட்டகாசங்களை அடுக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் முதல் வாக்கியம். மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளர் எங்கே என்று ஒருவர் கேட்கிறார் என்றால் இரண்டாவது. அப்போதும் அந்த ‘பை தி கேட்’ அவசியமில்லை. பாடப்புத்தகத்துக்கு வெளியே வரும் பாஸிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் ‘பை’ இருக்காது. செய்தவரைச் சொல்லாமல் விடலாம் என்பதுதானே பாஸிவின் வசதியே!

அந்த வசதியில் ஆபத்தும் உண்டு. 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். தவறு உண்டு, செய்தவர் இல்லை. அதற்காகப் பாஸிவே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘ஹி வாஸ் அரெஸ்டட்’ என்றால் கைது செய்தது போலீஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தனியாகச் சொல்வது வீண். அறிவியல் கட்டுரை என்றாலே பாஸிவ்தான் என்பதும் பாதி உண்மைதான். டி.என்.ஏ.வின் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் இருவரின் 1953 கட்டுரை ‘வி விஷ் டு சஜஸ்ட்’ என்று ‘நாங்கள்’ போட்டுத்தான் தொடங்குகிறது.

சரி, காலத்துக்கு வருவோம். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். ‘ரிட்டன்’, ‘சென்ட்’, ‘டன்’ போன்ற மூன்றாம் வடிவத்தைக் கண்டதும் ‘ஓ, இறந்தகாலம்’ என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஒருமுறை கோப்பை அனுப்பி முடித்தபிறகு ‘தி ஃபைல் இஸ் சென்ட்’ என்று எழுதிவிட்டேன். “தினமும் வருமா?” என்று பதில் வந்தது. ‘சென்ட்’ இருக்கிறதே, அனுப்பியாகிவிட்டது என்று புரியாதா என்பது என் கணக்கு. அவர் பார்த்ததோ ‘இஸ்’ஸை. ‘அனுப்பப்படுகிறது’ என்று படித்துவிட்டார்.

இதற்குத் தமிழே நல்ல சாவி. எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும். மூன்றிலும் ‘எழுத’ அசையவே இல்லை. காலத்தைச் சுமப்பது ‘படு’. ஆங்கிலத்தில் இஸ் ரிட்டன், வாஸ் ரிட்டன், வில் பி ரிட்டன். ‘ரிட்டன்’ அப்படியே நிற்கிறது. காலத்தைச் சுமப்பது இஸ், வாஸ், வில் பி என்று உருமாறும் ‘பி’ என்ற துணைவினை. நம் ‘படு’ செய்யும் வேலையை அங்கே ‘பி’ செய்கிறது. இது பிடிபட்டால் பாதி அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

‘வாஸ் சென்ட்’டா, ‘ஹாஸ் பீன் சென்ட்’டா என்பது அடுத்த குழப்பம். நேற்று, போன வாரம் என்று முடிந்த நேரம் ஒன்றைச் சொல்கிறீர்களா? ‘வாஸ்’ மட்டும்தான். எப்போது என்பது முக்கியமில்லை, இப்போது கைக்கு வந்திருக்கும் என்பதே செய்தி என்றால் ‘ஹாஸ் பீன்’. தமிழில் ‘நேற்று அனுப்பப்பட்டுள்ளது’ என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஹாஸ் பீன் சென்ட் எஸ்டர்டே’ உறுத்தும்.

‘இஸ் பீயிங் பில்ட்’ (கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது) போன்ற தொடர்நிலைப் பாஸிவ் ஆங்கிலத்திலேயே புதுசு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. அதுவரை ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள், வீடே தன்னைக் கட்டிக்கொள்வது போல! பள்ளியில் சொல்லும் 12 காலங்களில் எட்டுக்குத்தான் பாஸிவ் புழக்கத்தில் இருக்கிறது. ‘வில் ஹாவ் பீன் பீயிங் ரிட்டன்’ என்று யாரும் பேசமாட்டார்கள். மீதி நான்கையும் மறந்துவிடலாம்.

இரு மொழியும் ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. ‘நான் பிறந்தேன்’ நமக்குச் செய்வினை. ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் பார்ன்’. ‘ஐ ஆம் பார்ன்’ என்றால் காலம் தப்பு. ‘எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்’ என்பதை அவர்கள் ‘ஐ வாஸ் கிவன் எ பென்’ என்பார்கள். ‘நான் பேனா கொடுக்கப்பட்டேன்’ என்றால் நமக்குச் சிரிப்பு வரும். ‘நடந்தது’ என்பதை ‘இட் வாஸ் ஹேப்பண்ட்’ என்று எழுதுவது பரவலான பிழை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குப் பாஸிவே கிடையாது. ‘இட் ஹேப்பண்ட்’ போதும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: ‘தி கிளாஸ் ப்ரோக்’. கண்ணாடி உடைந்தது. வடிவத்தில் செய்வினை, ஆனால் உடைத்த ஆளே இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் இந்த வழக்கைத் தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. ‘வாஸ் ப்ரோக்கன்’ என்றால், பெயர் சொல்லாவிட்டாலும், உடைத்தது யாரென்ற கேள்வி பாக்கி நிற்கும். ‘ப்ரோக்’ என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அதனால்தான் கையில் துண்டோடு நிற்கும் குழந்தை எந்த மொழியிலும் பாஸிவைத் தேடுவதில்லை. “உடைஞ்சிடுச்சு” என்றுதான் சொல்கிறது.