காந்தத் துகளைச் செய்வது குடுவையா, பாக்டீரியாவா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டியைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட, இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை ரத்தத்தில் செலுத்தும் முறை உண்டு. துகள் சேரும் இடம் படத்தில் கறுக்கும். அந்தத் துகளை இன்று இரண்டு வழிகளில் செய்யலாம்.

முதல் வழி வேதியியல். இரண்டு வகை இரும்பு உப்புகளைக் கரைத்து அம்மோனியா சேர்த்தால் போதும், மேக்னடைட் எனும் காந்த இரும்பு ஆக்சைடு கறுப்பாகப் படியும். மலிவு, வேகம், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் துகள்கள் சிறிதும் பெரிதுமாக வரும். கரிமக் கரைப்பானில் சுமார் 300 டிகிரியில் சமைத்தால் அளவு சீராகும். அப்புறம் துகள்மேல் படிந்த எண்ணெய்ப் பூச்சை மாற்றி, நீரில் கலக்கவைக்கும் வேலை இருக்கிறது. இந்த வழியின் பெரிய பலம், மனிதர்களிடம் பயன்படுத்திய அனுபவம். ஈரல் ஸ்கேனுக்கான ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் மருந்துக்கு அமெரிக்கா 1996இல் அனுமதி தந்தது. 2009இல் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக வந்த, இதே வகை மருந்தான ஃபெருமாக்ஸிட்டாலை மருத்துவர்கள் ஸ்கேனுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் 2015இல் கடும் ஒவ்வாமை எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

இரண்டாவது வழி, 1975இல் நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் பிளேக்மோர் விவரித்த, காந்தப்புலத்தின் திசையில் நீந்தும் பாக்டீரியாக்கள். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் அருகே ஆற்றுச் சேற்றில் கிடைத்த எம்எஸ்ஆர்-1 இவற்றில் முக்கியமானது. அது தன் உடலுக்குள் செய்யும் மேக்னடைட் படிகங்கள் சுமார் 40 நானோமீட்டர். ஒவ்வொன்றும் தனித்தனிச் சவ்வுக்குள் இருக்கும். இந்தச் சீரான அளவைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிடச் சவ்வுதான் பெரிய விஷயம். அதிலுள்ள புரதத்தோடு நாம் விரும்பும் புரதத்தின் மரபணுவை ஒட்டிவிட்டால், பாக்டீரியாவே கட்டியைத் தேடிப் பிடிக்கும் துகளைத் தயார்நிலையில் கொடுத்துவிடும். வேதியியலில் இது தனிப் படி. ஒட்டிய மூலக்கூறு எத்தனை, எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் பிடி குறைவு. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2017இல் இதே உத்தியில் ஏஎம்பி-1 என்ற உறவுக்காரப் பாக்டீரியாவை மாற்றியமைத்து, எலியின் மூளைக் கட்டியை எம்.ஆர்.ஐ.யில் காட்டினார்கள்.

தொல்லை வளர்ப்பில் தொடங்குகிறது. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால்தான் எம்எஸ்ஆர்-1 காந்தம் செய்யும். அதன் காந்தம் செய்யும் சுமார் 30 மரபணுக்களை, ஒளிச்சேர்க்கை செய்யும் வேறொரு பாக்டீரியாவுக்குள் மாற்றி அதையும் காந்தம் செய்ய வைத்தது ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் டிர்க் ஷூலரின் குழு (2014). அருமையான சாதனைதான், ஆனால் பெரிய தடை அப்படியே நிற்கிறது: இவை எல்லாமே வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்ற நச்சுள்ள கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்கள். காய்ச்சலும் அதிர்ச்சியும் தரக்கூடிய அந்த நச்சை முழுக்க நீக்கியாக வேண்டும். கடுமையாகக் கழுவினால், நாம் விரும்பிய அதே சவ்வு சிதையும்.

நாளை ஸ்கேன் செய்ய வேண்டிய நோயாளிக்கு வேதியியல் துகள்தான். குறிப்பிட்ட கட்டியைக் குறிவைக்கும் ஆய்வுக்கு நான் பாக்டீரியாவைத்தான் எடுப்பேன், சுத்திகரிப்புக்குத் தனி நிதி ஒதுக்கினால் மட்டும்.