கீபோர்டுக்கு நல்ல ஸ்ட்ரிங்ஸ்: இலவச டிஸ்கவரும் 399 டாலர் சினிமாட்டிக் ஸ்டூடியோவும்

கம்ப்யூட்டரில் போட்டுக் கீபோர்டால் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா ஒலித் தொகுப்பு, ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர், இலவசம். இறக்கிக்கொள்ள 200 எம்பி அளவுதான் ஆகும். லேப்டாப் வைத்திருந்தும் இன்னும் போடாதவர்கள் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். "அண்ணா, என் கீபோர்டுல வயலின் போட்டா கீபோர்டு மாதிரியே கேக்குது, எந்த சாம்பிள் வாங்கலாம்?" என்று (சாம்பிள் என்றால் நிஜ வாத்தியத்தை வாசித்துப் பதிந்த ஒலி) கேட்கும் தம்பிகளில் பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் திருச்சியில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன், வீட்டில் ஒரு சின்ன அறையில் பக்திப் பாட்டு, குறும்படம் என்று பதிவு வேலையும் செய்கிறேன். இந்த மூன்று இடத்துக்கும் ஒரே ஸ்ட்ரிங்ஸ் டோன், அதாவது வயலின் குடும்பம் சேர்ந்து ஒலிக்கும் டோன், சரிவராது என்று புரிந்துகொள்ளவே எனக்குப் பல வருடம் ஆனது.

எந்த ஸ்ட்ரிங்ஸ் கைக்கு வந்தாலும் டெமோ பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்து ச பிடித்து, அதை விடாமல் மெதுவாக ரி-க்குப் போங்கள். இரண்டு ஸ்வரமும் நன்றாகத்தான் இருக்கும், காது வைக்க வேண்டியது நடுவில் இருக்கும் அந்த இணைப்பில். நிஜ வயலினில் வில் நிற்பதில்லை, இடது கை விரல் மட்டும் மாறுகிறது, அந்த மாறும் கணத்துக்கென்று தனியாக ஒரு சத்தம் உண்டு. சாதாரண சாம்பிளில் ச தேய்ந்து முடிய, ரி புதிதாக முளைக்கும். "கீபோர்டு மாதிரி கேக்குது" என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் இந்த முளைப்புதான். அப்புறம் ஒரே ஸ்வரத்தைப் பத்து நொடி பிடித்துக்கொண்டு மாட் வீலை (கீபோர்டின் இடது ஓரத்துச் சக்கரம்) கீழிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். சத்தம் மட்டும் கூடினால் அது வெறும் வால்யூம். வில்லை அழுத்தி வாசிக்கும்போது வருகிற கூர்மையும் சேர்ந்து வந்தால், மெல்ல வாசித்ததையும் பலமாக வாசித்ததையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக ஒரே கட்டையை வேகமாக எட்டுத் தடவை தட்டுங்கள். எட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல ஒலித்தால் அது தையல் மெஷின். நல்ல சாம்பிளில் ஒரே ஸ்வரத்தைப் பல தடவை வாசித்துப் பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார்கள், ரவுண்ட் ராபின் என்பது அதுதான்.

கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் டோன்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். 1994-இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 என்ற ஒலிப்பெட்டியில் பியானோ, டிரம், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளே இருந்த ஒலி நினைவகம் வெறும் 8 எம்பி. இன்று பிபிசி ஆர்கெஸ்ட்ராவின் பெரிய பதிப்பு மட்டுமே கிட்டத்தட்ட 600 ஜிபி. ஆனாலும் மண்டபத்தில் தவில்காரர் பக்கத்தில் நிற்க, ரிதம் பேடும் பேஸ் கிட்டாரும் முழங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த 8 எம்பி பரம்பரையில் வந்த கொஞ்சம் மெலிந்த, மேல்பக்கம் பிரகாசமான டோன்தான் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்கிறது. பிபிசியைப் போலப் பெரிய அறையின் எதிரொலியோடு பதிந்த ஸ்ட்ரிங்ஸை அங்கே போட்டால், மண்டபத்தின் எதிரொலியும் அதுவும் கலந்து கஞ்சியாகிவிடும். இரண்டையும் மேடையில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேடைக்கு மட்டும் வாசிப்பவர்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டாம், இருக்கிற டோனில் ரிவர்பை (எதிரொலி) குறைத்து, அட்டாக்கை (ஸ்வரம் எழும் வேகம்) கொஞ்சம் வேகமாக்கினாலே பாதி தூரம் வந்துவிடும்.

சரி, டிஸ்கவருக்கு வருவோம். பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை அப்போது அவர்களுடைய இடமாக இருந்த லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவிலேயே வைத்துப் பதிவு செய்தது. முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8. சாம்பிள்களை ஓட்டும் கான்டாக்ட் என்ற சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை, அதற்கென்று சொந்த பிளக்இன் இருக்கிறது, நான்கு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில்கூட எனக்கு ஓடியது. ஒவ்வொரு பகுதிக்கும் நீண்ட ஸ்வரம், ஸ்பிக்காட்டோ (வில் துள்ளும் குறுகிய ஸ்வரம்), பிட்சிக்காட்டோ (விரலால் மீட்டுவது), ட்ரெமலோ (வில்லை வேகமாக நடுக்குவது) என்று நான்கு வகை. ஸ்பிக்காட்டோவை ரொம்பவே மெச்சுகிறேன், இடையிசையில் தாளத்தோடு ஓடும் பிட்டுகளுக்கு அது போதும். சர்ச்சில் கொயருக்குப் பின்னால் நீளமாகப் பிடிக்கும் கார்டுகளுக்கும் இது அழகாகப் படுத்துக்கொள்கிறது. இதில் லெகாட்டோ, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விடாமல் போகும் அந்த இணைப்பு, மட்டும் கிடையாது. மேலே சொன்ன ச-ரி சோதனையில் இது தேறாது, மெதுவான தனி மெலடியை இதில் வாசித்தால் உடனே தெரிந்துவிடும். நான் செய்வது இதுதான்: ஒரு ஸ்வரத்தின் வாலை அடுத்த ஸ்வரத்தின் தலைமீது கொஞ்சம் ஏறவிட்டு, அந்த இணைப்பில் மட்டும் எக்ஸ்பிரஷனை (பெடலால் ஏற்றி இறக்கும் சத்தத்தின் அளவு) சிறிது இறக்கி ஏற்றுவேன். இணைப்பு முழுதாக மறையாவிட்டாலும் முளைப்பு பாதிக்குமேல் அடங்கிவிடும்.

லெகாட்டோ வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ். சிட்னியில் ட்ராக்டவுன் என்ற ஸ்கோரிங் அரங்கில் பதிந்தது. விலை 399 டாலர், கூடவே கான்டாக்டின் முழுப் பதிப்பும் வேண்டும், இலவச பிளேயரில் ஓடாது. இந்த இரண்டாவது செலவைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கிவிடாதீர்கள். முதல் வயலின் 10, இரண்டாம் வயலின் 7, வயோலா 7, செல்லோ 6, பேஸ் 5. ஆள் எண்ணிக்கை பிபிசியைவிடக் குறைவு, அதனாலேயே எனக்கு இது பிடித்தது. நம் சினிமாப் பாட்டில் காதுக்குப் பழகிய வயலின் கூட்டம் சின்னது, மைக்குக்குப் பக்கத்தில் நிற்பது போன்றது, ஒரே வரியை எல்லோரும் சேர்ந்து இழுப்பது. 16 பேர் தூரத்தில் உட்கார்ந்து வாசிப்பது ஹாலிவுட் பின்னணி இசைக்குப் பொருந்தும், பல்லவி முடிந்து சரணத்துக்கு முன் வரும் அந்த எட்டு பார் பிட்டுக்குப் பொருந்தாது.

இதில் கட்டையை எவ்வளவு பலமாகத் தட்டுகிறோம் என்பது சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை, எவ்வளவு வேகத்தில் அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவது என்பதைத் தீர்மானிக்கிறது. மெல்ல அழுத்தினால் இணைப்பு முடிய 333 மில்லி நொடி, நடுத்தரமாக அழுத்தினால் 250, பலமாக அழுத்தினால் 100. ரொம்ப மெல்லத் தொட்டால் போர்ட்டமென்டோ, அதாவது விரல் தந்தியில் உருண்டு போகிற இழைவு. இந்த இணைப்புகளெல்லாம் ஆட்கள் வாசித்துப் பதிந்தவை, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வளைத்தது இல்லை. கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் கணக்கைப் பாருங்கள், 90 டெம்போவில் ஒரு பீட் 667 மில்லி நொடி, அப்படியென்றால் மெதுவான லெகாட்டோ சரியாக அரை பீட் பின்தங்கி வந்து சேரும். டிரம் ட்ராக்கோடு சேர்த்து நேராக வாசித்துப் பதிந்தால் ஸ்ட்ரிங்ஸ் பகுதி மட்டும் தாளத்தை விட்டு இழுபடும். வாசித்து முடித்தபின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதனதன் அளவுக்கு முன்னால் நகர்த்தி வைக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு எனக்கு ஒரு மணி நேரம் இதிலேயே போகும். லோ லேட்டன்ஸி என்று தாமதத்தைக் குறைக்கும் ஒரு மோடு இருக்கிறது, ஸ்கெட்ச் போடவும் நேராக வாசிக்கவும் அது உதவுகிறது, இறுதிப் பதிவுக்கு நான் பழைய மோடுக்கே திரும்பிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன்.

அப்புறம் கமகம். இதை எந்த வெளிநாட்டு லைப்ரரியும் தராது. அவர்கள் மேற்கத்திய வில்லையும் விப்ராட்டோவையும் (விரலை அசைத்து ஸ்வரத்தை லேசாக நடுக்குவது) பதிகிறார்கள், நம் ஊர் வயலின் கலைஞர்கள் பலர் கர்நாடக சங்கீதமும் கற்ற கை, கல்யாணியில் ஒரு பிட் கொடுத்தால் மேலிருந்து தடவிக்கொண்டுதான் ஸ்வரத்தில் வந்து உட்காருவார்கள். அதைப் பெண்டரில் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) செய்யலாம் என்று போனால், பத்து வயலினும் அவற்றின் விப்ராட்டோவும் அறையின் எதிரொலியும் ஒன்றாக வளைந்து, டேப் வேகம் குறைந்தது போலக் கேட்கும். எனக்குக் கைகொடுத்த வழி இது: கூட்டமாக ஒலிக்கும் டோனை வளைக்காமல் போர்ட்டமென்டோவோடு விடுவது, அதன்மேல் ஒரு தனி வயலின் டோனை மெல்லிசாக லேயர் வைத்து, அதில் மட்டும் பெண்டரை இரண்டு செமிடோனுக்குள் ஆட்டுவது. விப்ராட்டோவுக்கென்று தனியாக சிசி2 என்ற மிடி கட்டுப்பாடு சினிமாட்டிக் ஸ்டூடியோவில் இருப்பதால், அசையும் ஸ்வரத்தில் அதை முழுவதும் இறக்கிவிட முடிகிறது. இது பெரிய வசதி.

எந்த லைப்ரரி வாங்கினாலும் வாசிப்பு பியானோக்காரன் வாசிப்பாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. 16 பேர் பதிந்த டோனில் நான்கு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் 64 வயலின் ஒலிக்கும். அந்த உப்பலைத்தான் பலர் நல்ல ஸ்ட்ரிங்ஸ் என்று நினைக்கிறார்கள். பேஸுக்கு ஒரு ஸ்வரம், செல்லோவுக்கு ஒன்று, வயோலாவுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று என்று பிரித்து வாசித்தால் இலவச டிஸ்கவர்கூட மூச்சு விட ஆரம்பிக்கும். இன்னொன்று, வயலினின் கடைசித் தந்தி நடு ஸி-க்குக் கீழே வரும் ஜி, 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வயலினே இல்லை. கீபோர்டின் பொது ஸ்ட்ரிங்ஸ் டோன் அடிவரைக்கும் ஒலிப்பதால் நாம் கவனிப்பதில்லை, அந்த எல்லைக்குக் கீழே போகும் வரியை வயோலாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இடது கை மாட் வீலில் இருக்கட்டும், வலது கால் எக்ஸ்பிரஷன் பெடலில் இருக்கட்டும். பெடல் வாங்கும்போது உங்கள் கீபோர்டில் செருகிப் பார்த்து வாங்குங்கள், ஜாக்கின் வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொருந்தாவிட்டால் தலைகீழாக வேலை செய்யும், இல்லை பாதியில் குதிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் "சினிமா ஸ்ட்ரிங்ஸ் மொத்தமும் இருக்கு" என்று பென்டிரைவில் நிரப்பிக் கொடுத்தார்கள், நானும் காசு கொடுத்து வாங்கினேன். ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் மெதுவான பாட்டில் எஃப் ஷார்ப்பைப் பிடித்தால் இரண்டு நொடிக்கு ஒரு தடவை டிக், டிக் என்று லூப் வெட்டும் சத்தம். பாடகி திரும்பிப் பார்த்தார். அந்தக் கட்டை வரும் இடமெல்லாம் ஸ்ட்ரிங்ஸை விட்டுவிட்டு வாசித்து முடித்தேன். யாரோ உழைத்துப் பதிந்ததைத் திருடி, அரைகுறையாக வெட்டி விற்பது அது. இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது என் வேலைமுறை இப்படித்தான் நிற்கிறது. மேடைக்குக் கீபோர்டின் சொந்த டோன். சர்ச்சுக்கு லேப்டாப்பில் டிஸ்கவர், பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் அளவு) 128-இல் வைத்தால் தாமதம் தெரிவதில்லை. பதிவுக்குச் சினிமாட்டிக் ஸ்டூடியோ, அதன் க்ளோஸ் மைக்கை ஏற்றி ரூம் மைக்கை இறக்கி. பட்ஜெட் கொஞ்சம் இடம் கொடுத்தால் தெருவில் இருக்கும் வயலின் வாத்தியாரை அழைத்து, மேல் வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி சாம்பிளோடு கலந்துவிடுவேன். போன மாதம் ஒரு முருகன் பாட்டுக்கு அப்படிச் செய்தோம், வாத்தியார் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "பின்னாடி எத்தனை பேர் சார் வாசிச்சிருக்காங்க?" என்று கேட்டார்.